கல் மேல் நிற்கும் காரும் உன் கம்பிச் சக்கரமும்

திண்டுக்கல்
ஆயுத பூஜை கழிந்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் முகேஷ்குமாருக்கு அம்மா எழுதுவது. நீயும் தமிழ்நிலாவும் குட்டி இசைவாணியும் அந்தக் குளிர் தேசத்தில் சளி, இருமல் அண்டாமல் சௌக்கியமாக இருக்க அபிராமி அம்மனைக் கும்பிட்டுவிட்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், உன் தங்கச்சி பானுப்ரியாவும் சுகம். அந்த வரிசையில் அப்பாவையும் சேர்த்து எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதுதான் வழக்கம். இந்தத் தடவை அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே. கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று நீ நினைப்பாய். என் போனை என்னைவிட உன் அப்பாதான் அதிகம் பார்க்கிறார். உன்னிடமிருந்து ஏதோ வந்த சத்தம் கேட்டால் போதும், சாப்பிடுகிற கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து, சக்கரத்தைப் பற்றி ஏதும் போட்டிருக்கிறானா பார் என்பார். வீடியோவில் பேசலாம் என்றால் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆகவே பானு வேடசந்தூருக்கு மில் ஆபீசுக்குப் போகிறபோது கொடுத்துவிட்டு, அங்கிருந்து தபாலில் போடச் சொல்லப் போகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் என் மேல் கோபப்படு, அவரிடம் காட்டாதே.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. அப்பாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெடுகிற வியாதியாம். ஆடி மாதத்திலிருந்தே வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டே இருந்தார். கேட்டால் நிலை குறுகல் என்றார். அவர் கட்டிய வீடு, அவர் வைத்த நிலை, இத்தனை வருஷம் குறுகாதது இப்போது குறுகிவிட்டதாம். நானும் பானுவும் மல்லுக்கட்டி மதுரைக்கு அழைத்துப் போனோம். டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பி வராது, வலது கண்ணில் மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். வேறு யாராக இருந்தாலும் பேப்பர் படிக்க முடியுமா, தனியாக வெளியே போக முடியுமா என்று கேட்பார்கள். உன் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான், கார் ஓட்டலாமா என்று. ரோட்டில் கூடவே கூடாது, ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த இடத்தில் நல்ல வெளிச்சத்தில் மெதுவாக ஓட்டிக்கொள்ளுங்கள், அதுவும் இப்போது ஓட்டினால்தான் உண்டு, அடுத்த வருஷம் வந்து இதையே என்னிடம் கேட்காதீர்கள் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் வைத்து, முகேசுகிட்ட மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் வாக்குக் கேட்டார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் இப்போது தவறியதாகவும் ஆகாது.

அவர் ஓட்டக் கேட்டது எந்தக் காரை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பியட் எஞ்சினையும் பியட் அச்சையும் வைத்து, இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, அலுமினியத் தகட்டை அடித்து மேலே போர்த்தி, மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் நடந்த கார்ப் பந்தயத்துக்கென்று தன் கையால் செய்த கார். ஒரு தடவை மூன்றாவதாக வந்ததை இன்றைக்கும் முதலில் வந்த தோரணையில் சொல்கிறவர். அதற்கு மறுபடி உயிர் கொடுக்கலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது நீதான் ஆரம்பித்தாய், அதை நான் குறை சொல்லவில்லை. அந்த மாதம் நீங்கள் இருவரும் கையெல்லாம் கிரீசோடு சோற்றுக்கு வந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போகிறபோது ஒரு காரியம் செய்தாயே. காரை நாலு பக்கமும் கருங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்தி, அதில் கிடந்த ஓட்டைச் சக்கரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, அந்தக் காலத்துக்குச் சரியான சக்கரமும் டயரும் கிடைக்கிற வரைக்கும் வேறு எதையும் மாட்டக் கூடாது, ஒரு போட்டோவில்கூட தப்பான சக்கரத்தோடு அது வரக் கூடாது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். அன்றைக்கு ஏறிய கார் இன்றைக்கும் கல் மேல்தான் இருக்கிறது. எஞ்சின் பொங்கலுக்கே ஓடிவிட்டது. பட்டறையை இப்போது பார்த்துக்கொள்கிற பிரபுவும் அப்பாவும் சேர்ந்து ஸ்டார்ட் செய்தபோது தெருவே வந்து நின்றது. புகை எல்லாம் அடங்கியதும் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, சக்கரம் எங்கே என்பதுதான். பாலசமுத்திரத்திலிருந்து உன் தாய்மாமா தேங்காய் கொண்டுவந்தவர், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏனுங்க மாப்பிள்ளை, இது கல்லு மேலயே ஓடற ஜாதிங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா சிரித்த மாதிரி காட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

தினமும் காலையில் அவர் என்ன செய்கிறார் என்று உனக்குத் தெரியாது, வீடியோவில் அதை நீ பார்த்திருக்க முடியாது. காபி குடித்து முடித்ததும் கொட்டகைக்குப் போகிறார். தார்ப்பாயை எடுத்து மடிக்கிறார். கதவில்லாத கார் அல்லவா, காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்குவதற்கு இப்போதெல்லாம் இரண்டு மூன்று முறை முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது. இறங்கி உட்கார்ந்து கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்கிறார், ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். கீழே சக்கரம் இல்லாததால் அது ஒரு விரலுக்கே திரும்புகிறது. செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்துவிடுகிறார். நான் அடுப்படி சன்னலில் இருந்து தினமும் இதைப் பார்க்கிறேன்.

இனி சக்கர விவகாரத்துக்கு வருகிறேன், உன் மேல் உள்ள கோபத்தை எல்லாம் இங்கேதான் கொட்டப் போகிறேன். டயர் கடை முகமது யாசினை உனக்குத் தெரியும், அவருடைய வாப்பா காலத்திலிருந்து நம் பட்டறைக்கு அவர்கள் கடை டயர்தான். உனக்காக அந்த மனுஷன் எத்தனை டயர் படம் எடுத்து அனுப்பினார். ஒன்றைப் பார்த்து இது ரேடியல், அப்போது இந்தியாவில் யார் ரேடியல் போட்டார்கள் என்றாய். சரி என்று நைலான் டயர் ஒன்றை எங்கோ சொல்லி வைத்துத் தேடிப் பிடித்தார், அதில் வெட்டு புதுமாதிரி இருக்கிறது என்றாய். அடுத்ததில் வெட்டு சரியாக இருந்தது, பக்கத்தில் போட்டிருக்கிற எழுத்து இந்தக் காலத்து எழுத்து என்றாய். எழுத்தைச் சுரண்டிவிடலாம் என்று யாசின் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பதில் போடவில்லை. காற்றடிக்கிற வாயின் மூடி கருப்பு பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, பித்தளையாக இருக்க வேண்டும் என்று அதற்கும் தனியாக ஒரு சேதி அனுப்பினாய். டயரே இல்லாத காருக்கு மூடி எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சக்கரமோ அதற்கு மேல். காரோடு நான் நிற்கிற அந்தப் பழைய போட்டோவைப் பெரிதாக்கி, அதில் தெரிகிற கம்பிகளை எல்லாம் எண்ணி, அங்கே பழைய கார்க்காரர்கள் சங்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் காட்டி, இது நடுவில் ஒரே நட்டு வைத்து முடுக்குகிற கம்பிச் சக்கரம், இன்ன வருஷத்தது என்று உறுதி வாங்கி, இரண்டை ஒரு ஊரிலும் ஒன்றை வேறு தேசத்திலும் பிடித்துவிட்டாய், நாலாவது இன்னும் கிடைக்கவில்லை. பீரியட் கரெக்ட், பீரியட் கரெக்ட், அந்தக் காலத்துக்கு அப்படியே சரியாக இருக்க வேண்டும் என்று நீ சொல்லிச் சொல்லி, இப்போது அப்பாவும் மருந்து பெயரைப் போல அதைச் சொல்லப் பழகிவிட்டார்.

போன மாதம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. கம்பிச் சக்கரம் நம் காரில் சக்கரம் மாட்டுகிற ஹப்பில் உட்காராது, நடுவில் கோவையில் சொல்லி ஒரு துண்டு கடைந்து வைக்க வேண்டும், அப்படி வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், மட்கார்டில் உரசும், ஆகவே மட்கார்டு வளைவை வெட்டிப் பெரிதாக்குங்கள் என்று சிவப்புக் கோடு போட்டுப் படம் அனுப்பினாய். அப்பாவும் சரி என்றார். நம் டிங்கர் விக்னேஷ்குமார் திங்கட்கிழமை கட்டிங் மிஷினோடு வந்து நின்றான். தன் கையால் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்த அந்த மட்கார்டில் அப்பாவே சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். கோடு நேராக வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி போட்டார், மறுபடியும் வரவில்லை. விக்னேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். நான் போய் மிஷின் ஒயரைப் பிடுங்கினேன். இன்றைக்கு வேண்டாம், போய்ட்டு அப்புறம் வா என்று அவனை அனுப்பிவிட்டு, இவரிடம் கேட்டேன், முகேசிடம் இதை ஏன் சொல்லித் தொலைக்கவில்லை என்று. எதை என்று கேட்கிறாயா. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி.

அந்தப் போட்டோ எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்தது. அந்தச் சமயம் காருக்குச் சக்கரமே கிடையாது. அடுத்த பந்தயத்துக்கு அகலமான சக்கரம் வேண்டும் என்று, காரில் இருந்த நாலு பியட் சக்கரத்தையும் கழற்றி, இரும்புப் பெட்டி செய்கிற சூசைமாணிக்கம் அண்ணன் பட்டறைக்கு அனுப்பியிருந்தார். அந்த அண்ணன் பெட்டிக்கு வைத்திருந்த தகட்டை வளையமாக வளைத்து, சக்கரத்தை நடுவில் இரண்டாக அறுத்து, இடையில் அந்த வளையத்தை வைத்துப் பற்றவைத்து அகலப்படுத்திக் கொடுப்பார். அப்போது இங்கே பந்தயம் ஓட்டிய பல பேரும் இப்படித்தான் செய்துகொண்டார்கள், கடையில் போய் அகலச் சக்கரம் கொடு என்றால் யார் கொடுப்பார்கள். ஆயுத பூஜைக்குள் தருகிறேன் என்று சொன்னவர் தரவில்லை, பூஜை நெருக்கத்தில் அவருக்குப் பெட்டி வேலை அதிகம். பூஜை அன்று ஊரில் உள்ள வண்டியெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்து மாலை போட்டு நிற்கும்போது, பட்டறை முதலாளியுடைய சொந்தக் கார் ஜாக்கி மேல் மொட்டையாக நிற்கலாமா. அதுவும் ஸ்டுடியோக்காரர் வேறு வருகிறார், அந்தப் படத்தைப் பாலசமுத்திரத்தில் என் அப்பாவுக்கு அனுப்புவதாக இவர் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவருடைய வெளிநாட்டுக் கார் கியர்பாக்ஸ் வேலைக்குப் பட்டறையில் கிடந்தது. அதன் கம்பிச் சக்கரம் இரண்டைக் கழற்றிப் பளபளவென்று துடைத்து, நம் காரின் ஒரு பக்கத்தில் கொண்டுவந்து சாத்தி வைத்தார்.

சாத்தி வைத்தார் என்றால் சாத்தித்தான் வைத்தார், மாட்டவில்லை. மாட்டவும் முடியாது, அளவே வேறு என்று இப்போது இரண்டு வருஷமாக நீயே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாய். கார் ஜாக்கி மேல் நின்றது. முன் பக்கத்து ஜாக்கியை வாழைக்கன்று மறைத்தது. பின் பக்கத்து ஜாக்கியை மறைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டு, புடவையை விரித்துவிட்டு அந்த இடத்தில் நில்லு என்றார். கல்யாணப் பட்டுப் புடவை, அரக்கு நிறம், நல்ல விறைப்பாக நிற்கும். அதற்காகத்தான் நான் அங்கே நின்றேன். காரின் மறுபக்கத்தில் சக்கரமே இல்லை. நீ அந்தப் படத்தை உன் ஆபீஸ் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டி, கணவர் செய்த பந்தயக் கார் மேல் பெருமையாகச் சாய்ந்து நிற்கும் என் தாயார் என்று கீழே இங்கிலீஷில் எழுதி வைத்திருப்பதாகத் தமிழ்நிலா சொன்னாள். நான் சாயவில்லை தம்பி. அசைந்தால் சக்கரம் உருண்டுவிடும், அசையாதே என்று இவர் அந்தப் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார், பயத்தில் நின்றேன்.

நீ ஆறேழு வயதில் அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வருவாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சின்னப் பிள்ளை ஆசையைக் கெடுப்பானேன் என்று இவர் விட்டுவிட்டார். பிறகு நீ பெரியவனாகி, படித்து, அதே படத்தால்தான் கார் வரைகிற இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்று யாரிடமோ பேட்டியில் சொன்னதைப் போனில் போட்டுக் காட்டினாய். அதற்குப் பிறகு எங்கே சொல்வது. திங்கட்கிழமை நான் போட்ட சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் போடாமல் அந்த மட்கார்டைத் தடவிக்கொண்டே சொன்னார், "அவன் எம்புட்டுப் பெருமையா அந்தப் படத்த மாட்டி வச்சிருக்கான். அது பூராம் பொய்யின்னு என் வாயால சொல்லச் சொல்றியா? மட்கார்டு போனாப் போகுது, விடு." அவருக்குக் காரைவிட நீ பெரிது. அந்தக் காரை வெட்டினால் சரி செய்து திரும்ப நிறுத்த இன்னும் ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆகும், அதற்குள் தன் கண் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கோடு போட்டார். இதை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஒருவர் மனசு நோகக் கூடாது என்று ஒருவர் பார்த்துப் பார்த்து, நடுவில் அந்தக் கார் ஓடாமலே துருப்பிடிக்கப் போகிறது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். அந்தக் காலத்துக்குச் சரியான சக்கரத்தைத் தேசம் தேசமாகத் தேடுகிறாயே, அதில் ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. கொல்லையில் துணி காயப்போடுகிற கம்பத்துக்கு அடியில் சிமெண்டு கொட்டி நிற்கிறதே ஒரு துருப்பிடித்த இரும்புச் சக்கரம், அதுதான் சோழவரத்தில் ஓடியது. சின்ன வயதில் அதன் மேல் ஏறி நின்றுதான் கொய்யா பறிப்பாய். போன வாரம்கூட இசைவாணிக்குக் காக்கா காட்டுகிறேன் என்று போனைத் திருப்பியபோது அது பின்னால் தெரிந்தது. சுற்றுப் பக்கம் கையால் தடவினால் சூசைமாணிக்கம் அண்ணன் பற்றவைத்த கோடு முழு வட்டமாக இன்னும் தெரியும். மற்ற மூன்றும் எந்த வண்டிக்கடியில் போய் எங்கே தேய்ந்தனவோ. அன்றைக்கு அவர் போட்டது கையில் கிடைத்த பியட் சக்கரம், யாசினுடைய வாப்பா கொடுத்த சாதா டயர். வெள்ளைக்காரச் சங்கத்துக்கு வேண்டுமானால் இதை எழுதிப் போடு.

விக்னேஷ்குமாரைத் திருப்பி அனுப்பிய மறுநாள் நானே யாசின் கடைக்குப் போனேன். ஆட்டோவில் போகிறபோது வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன், ஆட்டோக்காரர் யாரோ மருமகள் சண்டை என்று நினைத்து எனக்குப் புத்தி சொன்னார். யாசின் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார், "அக்கா, அண்ணே அதுல ஏறி ஓட்டணுமா, இல்ல காரு படத்துல நிக்கணுமா? அத மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிர்றேன்." ஓட்டணும் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓடாமல் கிடந்த பழைய பத்மினி காரில் இருந்து, அதுவும் பியட்தான், பெயர்தான் வேறு, நாலு இரும்புச் சக்கரம் கழற்றி வாங்கி, வளைவு வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்து, கழுவிப் பெயிண்டு அடித்து, புது டயரும் ட்யூபும் போட்டு நேற்று ஏற்றி அனுப்பிவிட்டார். டயர் ரேடியல்தான். மூடியும் கருப்பு பிளாஸ்டிக்தான். ஹப்பில் வைத்துப் பார்த்தான் பிரபு, நாலு போல்ட்டும் சொன்ன பேச்சுக் கேட்கிற மாதிரி உட்கார்ந்தன. எதையும் வெட்ட வேண்டாம், கடைய வேண்டாம்.

அதை மாட்டிவிடலாம் என்றால் உன் அப்பா ஒப்பவில்லை. சக்கரத்தை ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டிப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார், முகத்தை ஒட்ட வைத்து அதன் விளிம்பைப் பார்த்தார், இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. முகம் மலர்ந்திருந்தது, நான் கண்ணால் கண்டேன். ஆனால் பிரபு ஸ்பேனரை எடுத்ததும், "முகேசு ஒரு வார்த்த சொல்லட்டும்டா. அவன் இம்புட்டு நாளா அலையுறான், அவன் சொல்லாம மாட்டுனா அவன் மனசு ஒடஞ்சி போகும்" என்று சொல்லி, நாலையும் சுவரோரம் சாய்த்து வைத்துச் சாக்கைப் போட்டு மூடிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் நேற்றும் இன்றும் ரசம் மட்டும் வைத்தேன், வெஞ்சனம் ஒன்றும் வைக்கவில்லை. அவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சக்கரத்தைப் பார்க்கப் போகிறார்.

இப்போது உன்னால் ஆக வேண்டியதைச் சொல்கிறேன். தீபாவளிக்கு வேடசந்தூர் மில்லுக்கு லீவு, ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். லாரி நிற்கிற சிமெண்டுத் தளம் முழுக்கக் காலியாக இருக்கும், சுற்றிலும் மதில், பகல் வெளிச்சம். பானு மேனேஜரிடம் கேட்டுவிட்டாள், தாராளமாகக் கொண்டுவாருங்கள், நானும் பார்க்க வருகிறேன் என்றாராம். டாக்டர் சொன்ன இடம் இதைவிட வேறு எங்கும் கிடைக்காது. பிரபு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிக் கொடுப்பான். நீ செய்ய வேண்டியது அப்பாவுக்கு ஒரு போன். கண் விஷயம் தெரிந்த மாதிரி காட்டாதே, போட்டோ விஷயம் செத்தாலும் வாயில் வரக் கூடாது. என் சக்கரம் வர நாள் ஆகும் போல இருக்கிறது அப்பா, அதுவரை கிடைத்ததை மாட்டி ஓட்டுங்கள், எனக்கு நீங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல். அவர் இல்லை, பீரியட் கரெக்ட் என்று ஆரம்பிப்பார். நீ விட்டுக்கொடுக்காதே. இத்தனை வருஷம் உனக்காக அவர் ஒரு பொய்யைக் காப்பாற்றி வந்திருக்கிறார், அவருக்காக நீ ஒன்று சொல்வதில் தப்பில்லை. சுவரில் இருக்கிற அந்தப் படத்தையும் எடுக்க வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். லீவு கிடைத்தால் தீபாவளிக்கு நீயே வா, கிடைக்காவிட்டால் பானு போனில் காட்டுவாள். அந்த மூன்று கம்பிச் சக்கரங்களை என்ன செய்வது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

மற்றபடி இங்கே மழை நன்றாகப் பிடித்திருக்கிறது, கொல்லை முருங்கை காற்றில் முறிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்ததில் அவர்களுக்கும் நமக்கும் பேச்சு இல்லை. இசைவாணிக்கு இருமல் நிற்கவில்லை என்று தமிழ்நிலா சொன்னாள், குளிர்ந்த பாலை அப்படியே கொடுக்க வேண்டாம், மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கச் சொல். வெங்காய வடகமும் பருப்புப் பொடியும் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். நீ ராத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, இந்த வியாதி பிள்ளைகளுக்கும் வரலாம், நீயும் பானுவும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். பானு பார்த்துவிட்டாள், ஒன்றும் இல்லை. நீ இந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்.

கோபத்தில் எழுதியதால் எழுத்து எல்லாம் மேலும் கீழுமாக இருக்கும், பொறுத்துக்கொள். உனக்கும் மருமகளுக்கும் என் பேத்திக்கும் நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் நல்ல கண்ணும் வேண்டும் என்று மனசாரக் கும்பிட்டு ஆசீர்வாதம் பண்ணுகிறேன். ஒன்று மறந்துவிடாதே, போனைப் பகலில் செய்யாதே, அப்போது அவரைச் சுற்றி ஆள் இருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுவார். காலையில் காபி குடித்துவிட்டுக் காருக்குள் இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார் பார், அந்த நேரத்தில் கூப்பிடு. உனக்கு அது நடுராத்திரி. அந்தக் கம்பிச் சக்கரத்தை ஏலத்தில் எடுக்க எத்தனையோ நடுராத்திரி முழித்திருந்தவன்தானே நீ, இதற்கும் ஒரு ராத்திரி முழித்திரு.

இப்படிக்கு,
உன் போனுக்காகப் போனை அப்பாவின் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கும்
அம்மா
புவனேஸ்வரி கண்ணுசாமி